முள்ளின் மேல் பழி

ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் "சரி" என்று சொன்னார். எதற்குச் சொன்னோம் என்று அவருக்கே தெரியாது.

கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேலான மனிதருக்கு இது பெரிய விஷயமில்லை. பல தினுசுச் "சரி"கள் கைவசம் இருந்தன. இழுத்துச் சொன்னால் யோசிக்கலாம் என்று அர்த்தம். வெட்டிச் சொன்னால் ஆளை விடு என்று அர்த்தம். பெருமூச்சோடு விட்டால், உன் பேச்சைக் கேட்காமல் நான் எங்கே போகப்போகிறேன் என்று அர்த்தம். அன்றைக்குச் சொன்னது தலையாட்டலோடு கூடிய, முழுமனதான "சரி". மடியில் ஓர் இசைத்தட்டு, கையில் அதைத் துடைக்கும் துணி, தலை குனிந்திருந்தது. மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அறை வாசலில் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்தபோது உதடுகள் நின்றுவிட்டிருந்தன. புருவம் மட்டும் சற்றே மேலேறிக் காத்துக்கொண்டிருந்தது. கேள்விதான் போலிருக்கிறது என்று ஊகித்து "சரி" என்றார். அது போதாதோ என்று, "தாராளமா" என்று ஒன்றைக் கொசுறாகவும் போட்டார்.

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் மரியாதை புகுந்துவிட்டது. சண்டை என்றால் அவருக்குப் பயமில்லை. எந்தத் திருப்பத்தில் எப்படி ஒடித்துத் திருப்ப வேண்டும் என்பது அத்துப்படி. இது சண்டை இல்லை. தண்ணீர் ஜாடியை நகர்த்திக் கொடுத்தால் "தேங்க்ஸ்" என்றாள். குளியலறை விளக்கை அணைக்காமல் வந்தால் திட்டாமல் தானே எழுந்துபோய் அணைத்தாள். கட்டிய மனைவி விருந்தாளி மாதிரி நடந்துகொள்ள ஆரம்பித்தால் எந்த ஆணுக்கும் பயம் வரும். அவருக்கும் வந்தது. ஆனால் மனிதர் எப்படிப்பட்டவர் என்றால், அந்த வாரம் அவரை இருக்கவிடாமல் வீடு முழுக்க நடக்கவைத்தது அதுவல்ல. இசைத்தட்டில் ஒரு கால் காணாமல் போயிருந்தது. அவர் அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்தத் தட்டை வாங்கும்போது அவருக்குப் பத்தொன்பது வயது. மழை பெய்து ஓய்ந்த ஒரு தெருவில் நான்கு இளைஞர்கள் ஒரு பழைய சோபாவைத் தூக்கிக்கொண்டு போவதுதான் அட்டைப்படம். எங்கே போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்று உள்ளே எங்கும் எழுதியிருக்கவில்லை. தூரதேசத்துப் பையன்கள். தங்கள் தாத்தா வயதுக்காரர்கள் வெறும் கிதாரை வைத்துக்கொண்டு பாடிய ப்ளூஸ் என்ற சோகப் பாட்டுகளைக் கேட்டு மயங்கியவர்கள். அந்த அழுகையை எடுத்து மின்சாரத்தில் சொருகினால் என்ன வருமோ அதுதான் அந்த ஆல்பம். முதல் பக்கம் பூராவும் ஒரே அவசரம். வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தவனுக்குப் பாதி வழியில் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்த மாதிரி ஓடும். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில்தான் ஆட்கள் உட்காருவார்கள்.

அந்தப் பாட்டு தொடங்குவதற்கு முன்னால், கிதார்க்காரன் மரத்தரையில் காலால் தட்டுவான். மெத்து மெத்தென்று, ஷூ போட்ட கால். பாட்டுக்கு வேகம் பிடிக்கிறான். பின்னால் ஒரு நாற்காலி முனகும். அப்புறம், வரலாமா என்று கேட்காமல் வந்து உட்காரும் உறவுக்காரர் மாதிரி, முதல் சுரம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும். வேறு யாராவதாக இருந்தால் அந்தக் கால் சத்தத்தை வெட்டி எறிந்திருப்பார்கள். இவர்கள் விட்டுவைத்தார்கள். பாட்டு எல்லோருக்கும், கால் எனக்கு மட்டும் என்று அந்த வயதில் அவர் நினைத்துக்கொண்டார். பத்தொன்பது வயதில் இப்படி ஏதாவது நினைக்காதவன் பிற்காலத்தில் நல்ல நிலைமைக்கு வந்துவிடுகிறான்.

அந்தக் காலை நம்பி கொஞ்ச நாள் கிதாரும் கற்றுப் பார்த்தார். சொல்லிக்கொடுத்தவர் நேர்மையான மனிதர். "தம்பி, உங்களுக்குக் காது அபாரம். விரலை மட்டும் வேற யாருக்காவது குடுத்துடுங்க" என்றார். அப்படித்தான் விரலைக் கைவிட்டுக் காதை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க வந்தார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் மெக்கானிக். மாடி உச்சியில் மோட்டார் அறைக்குள் நுழைந்ததுமே, எது தேய்ந்திருக்கிறது, எது தேயப்போகிறது, எது சும்மா நடிக்கிறது என்று சொல்லிவிடுவார். கம்பெனியில் அவருக்குப் பாம்புக்காது என்று பெயர். நாளடைவில் காது உதிர்ந்து வெறும் பாம்பு ஆனார். புதிதாகச் சேருகிற அலுவலகப் பெண்கள் பெயரைக் கேட்டு நாலடி தள்ளியே நிற்பார்கள். விளக்கம் சொல்ல அவருக்கு வெட்கம்.

இடையில் பல வருஷம் தட்டு சுற்றவே இல்லை. மகளின் படிப்பு, பரீட்சை என்று பிளேயரின் வாயைக் கட்டினார்கள். கட்டிய வாய் கட்டியபடியே இருந்ததில் உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகிப்போய், பிளேயர் அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. மகள் வெளியூர் விடுதிக்குப் போன பிறகு அந்த அறை காலியாகி அவரைப் பார்த்து முறைத்தது. பிளேயரை இறக்கி, புது பெல்ட் போட்டு, தட்டைக் குளிப்பாட்டாத குறையாகத் துடைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் "சரி"யும் நடந்தது.

முதல் பக்கம் ஓடியது. ஓடியதே தவிர, ஏதோ உடம்பு இளைத்தாற்போல இருந்தது. பேஸ் கிதார் வாசிப்பவன் பக்கத்து அறைக்குப் போய் வாசிக்கிறானோ என்று தோன்றியது. வயசாயிடுச்சுப்பா உங்களுக்கு என்று அட்டையில் இருந்த பையன்களிடம் சொன்னார். பக்கத்தைத் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் காலையும் தயாராக வைத்துக்கொண்டார்.

கால் வரவில்லை. கொஞ்சம் கரகரப்பு, அப்புறம் நேரடியாகக் கிதார்.

முள்ளைத் தூக்கி மறுபடி வைத்தார். கரகரப்பு, கிதார். ஸ்பீக்கரை அப்பால் நகர்த்தினார், ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், கம்பளத்தைச் சுருட்டினார், ஜன்னலைச் சாத்தினார், பிறகு திறந்தார். ஸ்பீக்கருக்குள் தலையை விடாத குறை. காலைக் காணோம்.

மறுநாள் வேலை முடிந்து தட்டுக்கடைக்குப் போனார். ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், பாதி தெருவுக்கும் பாதி பூமிக்குமாக இருக்கிற கடை. கடைக்காரர் பழைய இசைத்தட்டுகளையும் முள்ளையும் விற்பார். வாங்க வருகிறவர்களின் மனநிலையைப் பார்த்துப் புன்னகையும் செய்வார். கொண்டுபோன முள்ளை லென்ஸில் பார்த்துவிட்டு, முள் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு மாற்ற வேண்டும் என்று கேட்டார். இவர் பிடிவாதமாகப் புது முள் வாங்கிக்கொண்டு வந்தார். புது முள்ளிலும் கால் இல்லை. செவ்வாய்க்கிழமை மறுபடி போய், அதே ஆல்பத்தின் இன்னொரு பிரதியைக் கேட்டார். தட்டு தேய்ந்திருக்கும் என்பது புதிய கட்சி. கடைக்காரர் தேடி எடுத்துத் தன் பிளேயரிலேயே போட்டுக் காட்டினார். இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை. ஆனால் கிதார் வருவதற்கு முன்பே கடைக்காரரின் விரல் மேஜையில் தட்டத் தொடங்கியிருந்தது. அளவாக, நிதானமாக.

நேர் வழியில் யோசிக்கிறவனுக்கு அந்த விரல் ஒன்று போதும். இவரோ, ஆளுக்குப் பாட்டு மனப்பாடம், ஞாபகத்தில் தட்டுகிறார் என்று முடிவு கட்டி, அந்தப் பிரதியையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகளிடமிருந்து போன். போனில் அவருக்குப் பிரச்சினையே கிடையாது. சத்தத்தை முழுக்க ஏற்றி, கன்னத்தோடு அழுத்தி வைத்துக்கொள்வார். காது சரியாக இருப்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று தனக்குத்தானே அவ்வப்போது சொல்லிக்கொள்வதும் உண்டு.

"அப்பா, ரெண்டு வருஷம் அம்மா இல்லாம எப்படி இருப்பீங்க?"

எந்த ரெண்டு வருஷம் என்று கேட்க வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். மகள் தானாகவே கொட்டினாள். அம்மா வேலை பார்க்கும் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்துக்கு, ரயிலில் ஒரு முழு இரவு தள்ளியிருக்கிற ஊரில் புதுக் கிளை திறக்கிறார்கள். அதை நின்று நடத்த அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பெருமைதான், ஆனால் தவித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் கேட்டாளாம்.

"நான் போகட்டுமா, உங்களை விட்டுட்டு எப்படின்னு கேட்டாங்களாம். நீங்க தட்டைத் தொடச்சிக்கிட்டே தாராளமான்னீங்களாமே. என்னப்பா நீங்க."

மகள் போனை வைத்த பிறகும் இவருடையது கன்னத்திலேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. கொசுறாகப் போட்ட ஒரு வார்த்தை. கடைக்காரன் கொசுறு போட்டால் கொத்துமல்லி போடுவான். இவர் ரெண்டு வருஷத்தையே தூக்கிப் போட்டிருந்தார்.

உடனே எழுந்துபோய் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சமையலறை பத்தடி தூரம்கூட இல்லை. ஆனால் என்னவென்று சொல்வது? காதில் விழவில்லை என்று சொன்னால், காதைப் பார்க்கச் சொல்வாள். காதைப் பார்த்தால் டாக்டர் ஏதாவது கண்டுபிடிப்பார். அது அவர்கள் தொழில். கம்பெனிக்குத் தெரியவரும். காது போன பாம்பை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? சரி, காது நன்றாகத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால், நன்றாக இருக்கிற காதை வைத்துக்கொண்டு மனைவி கேட்டதை இவர் கேட்கவில்லை. காது மந்தம் என்றால் பரிதாபம். கவனம் மந்தம் என்றால் மன்னிப்பே கிடையாது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சந்து இருக்காதா என்று தேடினார். அந்தச் சந்தில்தான் முள் இருந்தது. முள்ளோ தட்டோ ஸ்பீக்கரோ கெட்டிருந்தால், காது நல்ல காது. காது நல்ல காது என்று உறுதியாகிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை குழாய் திறந்திருந்தது, அந்தச் சத்தத்தில் விழவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே சொல்லிவிடலாம். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் காலைக் கண்டுபிடித்தாக வேண்டும். குடும்பத்தைக் காப்பாற்ற இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று நினைத்த மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

புதன்கிழமை காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு முயற்சி செய்து பார்த்தார். "அந்த விஷயம்" என்று தொடங்கினார். அவள் கைப்பையில் எதையோ துழாவியபடி, தலை நிமிராமல் பதில் சொன்னாள். நீளமான பதில். நடுவில் ஓரிடத்தில் குரல் கம்மியது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. கம்மிய பதிலுக்குத் "திரும்பச் சொல்லு" என்று எப்படிக் கேட்பது? "ம்" என்றார். அவள் "தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் முனகுகிறது என்று புகார். கூட வந்தவர் கம்பெனி எலக்ட்ரீஷியன்; ஒல்லியாகவும் நீளமாகவும் இருப்பதால் வயர் என்று பெயர். மொட்டை மாடியில் மோட்டார் அறை, தகரக் கதவு, உள்ளே எண்ணெய் வாடையும் இரைச்சலும். அந்த இரைச்சலில் வயர் பேசிய ஒவ்வொரு சொல்லும் மணி மணியாகக் கேட்டது. தன் மைத்துனனைப் பற்றி வயர் சொன்ன வசவுகள்கூடத் தெளிவாக, எழுத்து பிசகாமல் கேட்டன. நீளமான திருப்புளியை எடுத்து, முனையை மோட்டாரின் உடம்பில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் வைத்தார். லிஃப்ட்காரர்களின் ஸ்டெதஸ்கோப் அது. இரண்டாவது பேரிங்கில் மணல் அரைபடுகிற மாதிரி ஒரு சத்தம் தலைக்குள் வந்து விழுந்தது. கழற்றிப் பார்த்தார்கள். அதேதான்.

"பாம்புன்னா பாம்புதான்" என்று வயர் முதுகில் தட்டினார்.

அந்த நிமிஷம் அவருக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை. இதோ காது, இதோ அத்தாட்சி. கெட்டது ஸ்பீக்கர்தான், இன்றைக்கே அதையும் மாற்றிவிடலாம் என்று மனசு குதித்தது. சரிசெய்த லிஃப்டிலேயே இறங்கினார்கள். உள்ளே கண்ணாடி பதித்த, கம்பளம் போட்ட, நிசப்தமான பெட்டி. ஏழாவது மாடி தாண்டும்போது கண்ணாடிக்குள் வயரின் உதடுகள் அசைவதைப் பார்த்தார். உதடுகள் நின்றன. புருவம் ஏறியது.

"சரி" என்றார் இவர்.

வயர் திரும்பி நேராகப் பார்த்தார். பிறகு, மணி என்ன என்றுதான் கேட்டதாகச் சொன்னார். இப்போது குரலை ஏற்றிச் சொன்னார். "ஆமா, நானும் கேக்கணும்னு நெனச்சேன், கொஞ்ச நாளா எதுக்கு எல்லாத்தையும் ரகசியம் மாதிரி பேசற? வீட்ல குழந்தை தூங்குதா?"

தன் குரல் தன் தலைக்குள் எப்போதும் கோயில் மணிபோல் பெரிதாகக் கேட்கிறது, அதனால் தணித்துப் பேசுகிறேன் என்று சொன்னால் வயருக்குப் புரியாது. அவருக்கே புரிந்திருக்கவில்லை. தொண்டை சரியில்லை என்றார்.

ஸ்பீக்கர் வாங்கப் போகவில்லை. நேராக வீட்டுக்கு வந்தார். மனைவி இன்னும் வந்திருக்கவில்லை. கருவிப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே பிளேயரைப் போட்டார். இரண்டாம் பக்கம். கரகரப்பு, கிதார். முள்ளை எடுத்தார், வைத்தார். ஸ்பீக்கரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அந்த ஸ்பீக்கர் ஒரு மோட்டாராக இருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்போம் என்று ஒரு யோசனை வந்தது. யோசனை முடிவதற்குள் கையில் திருப்புளி இருந்தது. தரையில் மண்டியிட்டு, முனையை ஸ்பீக்கரின் மரப்பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதின் பின் எலும்பில் அழுத்தி, மறு கையை நீட்டி முள்ளை இறக்கினார்.

கால் வந்தது.

மெத்து மெத்தென்று, ஷூ போட்ட கால், மரத்தரையில். நாற்காலி முனகியது. யாரோ ஒருவன் மூக்கை உறிஞ்சினான்; இத்தனை வருஷத்தில் அதை அவர் கவனித்ததே இல்லை, ஜலதோஷக்காரனை வைத்துக்கொண்டுதான் பாட்டைப் பதிவு செய்திருக்கிறார்கள். அப்புறம் அந்தச் சுரம் தாமதமாக வந்து உட்கார்ந்தது. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திருப்புளியை எடுத்துவிட்டு மறுபடி போட்டார். கால் இல்லை. திருப்புளியை வைத்தார். இருந்தது. எடுத்தார். இல்லை. விளக்கு சுவிட்சைக் கண்டுபிடித்த குழந்தை மாதிரி எடுப்பதும் வைப்பதுமாக இருந்தவரின் கை மெல்ல மெல்லத் தாழ்ந்தது.

தட்டு சரி. முள் சரி. ஒயர், ஸ்பீக்கர், கம்பளம், ஜன்னல் எல்லாம் சரி. மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு உருப்படி; இரண்டும் அவர் தலையின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தன. எலும்பு வழியாகப் போவது போய்ச் சேருகிறது, காற்று வழியாக வருவது வாசலிலேயே நின்றுவிடுகிறது. வேலையில் இத்தனை நாளாக அவர் மானத்தைக் காப்பாற்றியது காது அல்ல, இந்தத் திருப்புளி. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று அவரை நன்றாக ஏமாற்றியதும் அதுதான்.

நிமிர்ந்தார். வாசலில் மனைவி, தோளில் கைப்பையோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. கருவிப்பை ஒரு தோளில் தொங்க, திருப்புளியோடு ஒரு பெட்டியின் முன் மண்டியிட்டு அழுதுகொண்டிருக்கிற ஆளைப் பார்த்து அவள் ஏதோ கேட்டாள். உதடு அசைந்தது, நின்றது, புருவம் ஏறியது.

அவர் வாயில் "ச" வந்துவிட்டது. பல்லை இறுக்கி அதை அங்கேயே நிறுத்தினார். லிஃப்டை இரண்டு மாடிக்கு நடுவில் கையால் பிடித்து நிறுத்துவதுகூட இதைவிடச் சுலபம்.

"கேக்கல" என்றார்.

அவள் திரும்பச் சொன்னாள் போலிருக்கிறது.

"இல்லம்மா. காதுல விழல. ஞாயித்துக்கிழமையும் விழல. நீ என்ன கேட்டேன்னே தெரியாமத்தான் தலையாட்டினேன்."

அவள் பையை இறக்கினாள். வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தாள். அவர் பழக்க தோஷத்தில் திருப்புளியை நீட்டப் போக, அதை வாங்கி அப்பால் வைத்தாள்.

"நான் என்ன மோட்டாரா?" என்றாள். இந்தத் தடவை அவர் காதோரமாக, பரிசோதனைக்கூடத்தில் ஆட்களை விரட்டுகிற குரலில். "எத்தனை நாளா இப்படி?"

தெரியவில்லை என்றார். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒன்றரை வருஷம் இருக்கும் என்றாள். அந்த ஒன்றரை வருஷத்தை அவள் அடுக்கத் தொடங்கியதும் அவருக்குத் தலை நிமிரவில்லை. சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பதை நிறுத்தினார். பக்கத்தில் படுத்துக்கொண்டு சொன்னதற்கெல்லாம் "ம்" கொட்டினார். ஒருநாள் சோதித்துப் பார்க்கலாம் என்று, சமையலறையிலிருந்து, வீடு பற்றி எரிகிறது என்று சாதாரணக் குரலில் சொல்லிப் பார்த்தாளாம். தாராளமாக என்று பதில் வந்ததாம்.

"பொய்" என்றார்.

"சத்தியமா. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். எனக்கு வேற மாதிரி புரிஞ்சிது." இங்கே குரல் இறங்கப் பார்த்தது, அவளே அதை இழுத்துப் பிடித்து மேலே ஏற்றினாள். "நான் உங்களுக்கு அலுத்துப்போயிட்டேன்னு நெனச்சேன். போன்னு சொன்னப்ப, சரிதான், இவருக்கு இந்த ரூமும் அந்தத் தட்டும் போதும்னு நெனச்சேன்."

அவரிடம் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வாசலில் கூட்டம் அதிகமாகி எதுவுமே வெளியே வர முடியாத நிலைமை. காது போனால் வேலை போய்விடும் என்று பயந்தேன் என்பது மட்டும் எப்படியோ நழுவி வெளியே வந்தது. காதுக்கு டாக்டர்கள் இல்லாத உலகத்திலா இருக்கிறோம், நாளைக்கே போகிறோம் என்றாள். லிஃப்ட் உங்களை விட்டு எங்கேயும் ஓடிவிடாது, மிஞ்சிப்போனால் மேலே போகும், இல்லாவிட்டால் கீழே வரும் என்றாள். திட்டவும் செய்தாள். முள், தட்டு என்று எல்லாவற்றையும் மாற்றத் தோன்றிய மனிதருக்குப் பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா என்பதுதான் திட்டின் சாரம். ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் அவள் திட்டுவது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு சொல்லையும் சிந்தாமல் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவள் முழங்காலை மடக்கி நேராக உட்கார்ந்துகொண்டு, கேட்டதையே மறுபடி கேட்டாள். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"எனக்கு அந்த ஊர்ல வேலை வந்திருக்கு. ரெண்டு வருஷம். நாளைக்குப் பதில் சொல்லணும். நான் போகட்டுமா, வேணாமா?"

எல்லாச் சொற்களும் வந்து சேர்ந்தன. அதுதான் கஷ்டம். விழாத கேள்விக்குப் பதில் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த ஊரை அவர் பார்த்ததில்லை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, வரிசையாக நிற்கிற கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே, தன் பெயர்ப்பலகை மாட்டிய அறைக்குள் அவள் நுழைவதைப் பார்த்தார். நன்றாக இருந்தது. உடனே இந்த வீட்டையும் பார்த்தார். குழாய் சொட்டினால் சொல்ல ஆளில்லை, கதவு தட்டினால் சொல்ல ஆளில்லை.

"போகாதன்னு சொல்லணும்போல இருக்கு" என்றார்.

"சொல்லுங்க."

"போகாத."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பொறுக்க முடியாமல் அவரே தொடர்ந்தார். "சொல்லிட்டேன்ல. இனி நீ போ. போகாம இருந்தேன்னா ரெண்டு வருஷமும் என் மூஞ்சியப் பாத்துப் பெருமூச்சு விடுவ. அதுவும் எனக்குக் கேக்காது."

அவள் சிரித்தாள். சிரிப்பு அவருக்குக் கேட்கவில்லை; தோள் குலுங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகத்தான் போகிறேன் என்றாள். ஞாயிற்றுக்கிழமையே மனசில் பாதி பெட்டி கட்டியாகிவிட்டது, மீதிப் பாதிதான் கட்ட மாட்டேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தது என்றாள்.

"போகாதன்னு ஒருத்தர் சொன்னாத்தாங்க போறதுக்கே நல்லா இருக்கு."

அவர் சும்மா அவள் கையை எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு கை அவரிடம் இருக்க, மறு கையால் அவள் பையிலிருந்து போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள். டாக்டரிடம் போகப்போவதைச் சொன்னாள். அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னாள். திருப்புளியைப் பற்றிச் சொல்லும்போது எதிர்முனையில் மகள் என்ன சொன்னாளோ, இவளுக்கு மறுபடி தோள் குலுங்கியது. புது ஊரில் எந்த வாரம் சேர வேண்டும், ரயில் எப்போது என்றெல்லாம் சொன்னாள். எல்லாவற்றையும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக உரக்கச் சொன்னாள்.

"ஆமாடி, போறேன். உங்க அப்பா போகாதன்னுட்டார்."

மகளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. மனைவி அதையே இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொன்னாள். அவருக்காகச் சொல்லியிருந்தால் அது வீண் வேலை. முதல் தடவையே அவருக்கு நன்றாகக் கேட்டிருந்தது.